மாப்பிள்ளை ஷீட்

1. சிவப்பு

அஞ்சலையம்மாளின் வால் எலும்புக்கு மேலே இருந்த சிவப்பு ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல தோல் என்றால் அழுத்தும்போது வெளுத்து, விரலை எடுத்ததும் ரத்தம் திரும்ப ஓடி வரும். இது வெளுக்கவில்லை. அழுத்தினாலும் சிவப்பு, விட்டாலும் சிவப்பு. பெட் சோர், அதாவது படுக்கைப் புண், ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழுவில் நான் நர்ஸாக இருந்தேன். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டி கிளம்பும். ஒரு நாள் சங்கராபுரம் பக்கம், ஒரு நாள் கல்வராயன் மலை, ஒரு நாள் வடக்கனந்தல். அஞ்சலையம்மாள் வடக்கனந்தலில் மகள் வீட்டில் இருந்தார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் முழுசாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு ஊரே பயப்படும் என்று பிறகுதான் தெரிந்தது.

மகள் செல்விக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் வருகிறேன் என்று அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அம்மாவை நன்றாகத்தான் வைத்திருந்தாள். நன்றாக என்றால், அவளுக்குத் தெரிந்த அளவில்.

"டெய்லி சுடுதண்ணில சோப்பு போட்டு நல்லா தேச்சி உட்றேன் சிஸ்டர். ஈரம் நிக்கக் கூடாதுன்னு பவுடரும் கொட்றேன். அப்பிடி இருந்தும் ஏன் செவக்குதுன்னே தெரியல."

"அதனாலதான்மா செவக்குது," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்து, அவளுடைய அம்மாவின் கையையே பாடப் புத்தகமாக்கிக் காட்டினேன்.

2. ஒரே கையில் இரண்டு தோல்

தோலில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றுக்கொன்று பல் கோத்துக்கொண்டு நிற்கும். வயதாக ஆக அந்தப் பற்கள் மழுங்கிவிடும். பிறகு இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். அடியில் மெத்தை மாதிரி இருந்த கொழுப்பு கரையும், எண்ணெய் சுரப்பது குறையும், ரத்த ஓட்டம் மந்தமாகும். கிழவர் கையில் ஒட்டிய பிளாஸ்டரை வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வருவது இதனால்தான்.

இது வயது செய்கிற வேலை. வெயில் செய்கிற வேலை தனி. அஞ்சலையம்மாளின் முழங்கைக்குக் கீழே தோல் கறுத்து, வரி வரியாகக் காய்ந்திருந்தது. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டேன். அங்கே தோல் மெலிந்திருந்தாலும் வழவழவென்று இருந்தது.

"ரெண்டும் ஒரே நாள்ல பொறந்த தோலுதான். கீழ இருக்கறது கரும்புக் காட்டுல வெயில் தின்னது. மேல இருக்கறதுதான் உங்க அம்மாவோட நெஜ வயசு," என்றேன்.

அஞ்சலையம்மாள் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான் அவ்ளோ கெழவி இல்லன்னு சொல்லுங்க."

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். சுடுதண்ணீரும் காரமான சோப்பும் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் உருவிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சோப்பு அழுக்குப் படும் இடத்துக்கு மட்டும். துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவ வேண்டும். சிவந்த இடத்தில் கையே வைக்கக் கூடாது. நகத்தை வெட்டிவிட வேண்டும். தினம் முட்டையும் பருப்பும், போதுமான தண்ணீரும். கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துக்கொண்டு சுருக்கம் போக எந்தக் க்ரீம் நல்லது என்று கேட்கிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வேன். கூடவே வெயிலில் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் போடச் சொல்வேன். பீடி, புகையிலையை விடச் சொல்வேன். யாரும் என்னிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஆனால் அஞ்சலையம்மாளுக்கு இதெல்லாம் பாதி வைத்தியம்தான். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரவில் செல்வி திருப்பினாள். பகலில், அவள் பள்ளிக்கூடம் போனதிலிருந்து திரும்பும்வரை, அம்மா மல்லாந்தே கிடந்தார்.

"பகல்ல வூட்ல யாருமே இல்லியா?"

"அவரு இருக்காரு. பின்னால கரும்புக் கொல்லையில வேல செஞ்சிக்கினு இருப்பாரு," என்றாள் செல்வி. குரல் இறங்கிவிட்டது.

3. கை படக்கூடாது

அவர் என்றால் ஏழுமலை, செல்வியின் புருஷன். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். கட்டிலில் ஒரு மொபெட் டியூப் கிடந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். காற்றடித்து, பழைய வேட்டியைச் சுற்றி, மாமியாரின் இடுப்புக்கு அடியில் வைக்கச் சொல்லிச் செல்வியிடம் கொடுத்திருக்கிறார். அக்கறையாகச் செய்ததுதான். ஆனால் வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும். எடுத்துவிட்டேன். காற்றடைத்த ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன்.

"அப்ப மாப்ளையே பகல்ல திருப்பட்டும்," என்றேன்.

செல்வியை முந்திக்கொண்டு அஞ்சலையம்மாள் வாயைத் திறந்தார்.

"நர்ஸம்மா, கட்டிக் குடுத்த நாள்லேர்ந்து மருமவன் எதிர்ல நான் ஒக்காந்ததில்ல. அவரு வந்தா எந்திரிச்சி அந்தாண்ட போயிடுவேன். இப்ப எந்திரிக்க முடியல. பொண்ணு வூட்டுல வந்து படுத்துக்கினதே எனக்குக் கேவலமா இருக்குது. அவரு கை என் மேல படறதுக்குப் பதிலா அந்தப் புண்ணே வந்துட்டுப் போவுது."

எனக்குக் கோபம் வந்தது. புண் வந்தால் எலும்புவரை போகும், சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். செல்வி அழுதாள். அம்மா அழவில்லை. "போவட்டும்," என்றார்.

வெளியே வந்தேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த ஏழுமலைக்கு உள்ளே பேசியதெல்லாம் கேட்டிருந்தது. மாமியாரைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அத்தைக்கு இஷ்டம் இல்லாம நான் கை வைக்க மாட்டேன் சிஸ்டர். அது மருவாத இல்ல. ஆனா புண்ணும் வரக்கூடாது. ரெண்டுத்துக்கும் நடுவுல எதுனா வழி இருந்தா சொல்லுங்க. எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் செய்யறேன்."

எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். படுக்கையில் இருப்பவரின் வெட்கத்தை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்ட ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

4. நான் மூட்டையானேன்

ஆஸ்பத்திரியில் டிரா ஷீட் என்று ஒன்று உண்டு. தோளிலிருந்து தொடைவரை வருகிற மாதிரி ஒரு துணியைக் குறுக்கே விரித்து, அதன்மேல் நோயாளியைப் படுக்க வைப்போம். துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஆள் மெல்ல மறுபக்கம் உருளுவார். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கையால் இழுத்துத் தள்ளும்போது தோல் படுக்கையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகரும். வயதான தோல் அந்த உரசலைத் தாங்காது. துணியோடு தூக்கினால் தோலும் எலும்பும் ஒன்றாகத் திரும்பும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் செய்வோம். ஏழுமலை ஒருவராகச் செய்ய வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, இரண்டு பக்கமும் நிற்க இடம் விட்டோம். அஞ்சலையம்மாளை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கட்டிலில் நான் படுத்துக்கொண்டேன். நான் ஒல்லியான ஆள் இல்லை.

"தூக்குங்க மாப்ள," என்றேன்.

மூட்டை தூக்கிப் பழகிய கை. ஒரே இழுப்பு. நான் கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய், விழாமல் இருக்கச் செல்வியின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சலையம்மாள் கோணிய வாயால் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. பக்கவாதம் வந்த பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாகச் செல்வி சொன்னாள்.

இரண்டாவது தடவை மெதுவாகத் தூக்கினார். மூன்றாவது தடவை நான் உருண்டதே எனக்குத் தெரியவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மடித்த துணி. தலையணைகளை மேல் போர்வைக்கு வெளியிலிருந்தே தள்ளி வைக்கவும் கற்றுக்கொண்டார். விழுந்த இடது பக்கத்தில் அதிக நேரம் வைக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அஞ்சலையம்மாள் யோசித்தார். பிறகு மருமகனிடம் இல்லை, என்னிடம் சொன்னார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு கனப்பு கனச்சிட்டு வரச் சொல்லுங்க. நான் போத்திக்குவேன். தூக்கறப்ப மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கணும்."

"சரின்னு சொல்லுங்க சிஸ்டர்," என்றார் ஏழுமலை, அவரும் என்னைப் பார்த்தே. எட்டடி அறையில் இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரி ஆனேன்.

5. அலாரம்

அடுத்த வாரம் போனபோது சிவப்பு இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் பிய்ந்து ஈரமாக இருந்தது. முன்னமே உள்ளே கெட்டிருந்தது வெளியே தெரிகிறது என்று எனக்குத் தெரியும். சலைனில் கழுவி டிரெஸ்ஸிங் போட்டேன். திருப்புவதை மட்டும் ஒரு தடவைகூட விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் விடவில்லை. செல்போனில் அலாரம் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அடித்தாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். கையைக் கழுவுவார், வாசலில் கனைப்பார். உள்ளே வந்து எதிர்ச் சுவரைப் பார்த்தபடி துணியைத் தூக்குவார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அலாரம் கேட்டாலே, "போப்பா, மாமியா போன் பண்ணுது," என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே ஓடி வருவாராம். கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட அலாரம் பார்த்துத்தான் போனார்.

புண் சுருங்கியது. பிறகு ஒரு நாள் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தபோது புதுத் தோல் மூடியிருந்தது. அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது, விட்டதும் ரத்தம் வந்தது. அஞ்சலையம்மாள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"மாப்ள சாப்ட்டாரான்னு கேளுங்க," என்றார்.

அதற்குப் பிறகு மலையில் சாமை அறுப்புக் காலத்தில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு வீட்டில், பகலில் ஒரே ஆள் மட்டும் இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கேயும் இதையேதான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் குழுவில் டிரா ஷீட்டுக்கு மாப்பிள்ளை ஷீட் என்றே பெயர் ஆகிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளியின் தோலைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கூச்சம் என்ன என்று கேளுங்கள். அதைக் காப்பாற்றினால், தோலைக் காப்பாற்ற அவரே வழி விடுவார். நான் அன்று பயமுறுத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. ஏழுமலை மரியாதை கொடுத்தார், நடந்தது.

6. குளிப்பாட்டியவர்கள் சொன்னது

அஞ்சலையம்மாள் அதற்குப் பின் இரண்டு பொங்கல் பார்த்தார். மார்கழிக் குளிரில் ஒரு காய்ச்சல் வந்து, தூக்கத்திலேயே போய்விட்டார். செல்வி போன் செய்தாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் புடவையை மறைப்பாகக் கட்டி, பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை பந்தலடியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அலாரம் அடித்தது. எடுத்து நிறுத்திவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறைப்பிலிருந்து அஞ்சலையம்மாளின் தங்கை வெளியே வந்தார். கையில் ஈரம் சொட்டியது. ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே நேராக நடந்து போய் ஏழுமலைக்கு முன்னால் நின்றார்.

"முதுவு, இடுப்பு, குதிகாலு, எல்லாம் பாத்துட்டோம்பா. இத்தினி வருசம் படுத்த ஒடம்புல ஒரு செவப்பு இல்ல. கொழந்த ஒடம்பு மாதிரி கீது. எல்லாம் உன் கைதான்."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"என் கை படவே இல்லியே சின்னத்த," என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.