ஒட்டுப்பால் கார்

துரையின் பந்தயக் கார் பின் டயர் வெடித்து ருவான்வெல்லைக் கடைத்தெருவில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. துரை மர நிழலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். சாரதி வெயிலில் ஜாக்கி அடித்துக்கொண்டிருந்தார். கேகாலையில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு சுற்றிய காலம் எனக்கு. துரையின் ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகன் என்ற தைரியத்தில் சாரதிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இது மாதிரி ஒண்ணு செய்ய என்ன செலவாகும்ணே?"

"இஞ்சின விடு தம்பி. இந்த ஒத்த டயருக்கே, பால் வெட்டுற ஆளு ஒருத்தன் வருசம் பூரா பேரு போடணும். அதுவும் நாலஞ்சு ரேஸுக்குத்தான் தாங்கும்."

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். ஒரு மனிதனின் வருஷத்துப் பேரெல்லாம் ஒரு டயருக்கா? அதுவும் எங்கள் மரத்துப் பாலில் செய்த டயருக்கா? ரப்பர் விலை விழுந்து, பாதி மரங்களில் பால் வெட்டாமலே விட்டிருந்தார்கள். எங்கள் பால் சீமைக்குப் போய் டயராகத் திரும்பி வருகிறது; பந்தயக் காரின் செலவில் பெரும்பகுதி அந்தக் கப்பல் கூலிதான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். தகரம் கடையில் கிடைக்கும், டயருக்குத் தோட்டமே இருக்கிறது, இஞ்சினுக்கு நானாவின் கார் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நானா கடைத்தெருவில் வாடகைக் கார் ஓட்டிய முஸ்லிம். அவர் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காரால்தான். சுற்றியுள்ள தோட்டங்களில் கலியாணம் என்றால் பெண் அதில்தான் கோயிலுக்கு வருவாள். வழியில் நின்றதே இல்லை என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகவே கலியாண வீட்டார் அவரைத் தேடி வந்தார்கள்.

"நானா, உங்க பின் டயர் ரெண்டும் தேஞ்சு நூல் தெரியுது. நான் புதுத் தோல் போட்டுத் தர்றேன். அது தாங்கிச்சுன்னா, அடுத்து துரைமாரோட மலை ரேஸுல நம்ம கார்தான்."

"ரேஸு கெடக்கட்டும் மகன். புதன்கிழம மேல் லயத்துப் பொண்ண கொண்டு போகணும். ஏலுமா?"

"ஏலும் நானா!"

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

ரப்பர் ஷீட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பாலைப் பசையாகத் தடவி, டயரைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டினேன். புகை போடும் வீட்டில் காயவைத்தேன். விடியற்காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்தோம். பனியில் நனைந்த ஏற்றத்தில் கார் வழுக்காமல் ஏறியது. நானா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

புதன்கிழமை மேல் லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க ஒரு பேரை விட்டுவிட்டுக் கலியாணத்துக்கு நின்றது. பெண் உடுத்தி முடிக்கும்வரை கார் நல்ல வெயிலில் கிடந்தது. பெண்ணும் அவள் அப்பாவும் ஏறினார்கள்; நான் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். புறப்பட்டபோதே சக்கரத்தடியில் சப்புச் சப்பென்று ஒரு சத்தம். கடைத்தெரு முனைக்கு வருவதற்குள் டயரின் தோல் இளகிவிட்டது. சரளை, வைக்கோல், பீடித்துண்டு, லயத்து வாசலில் தூவிய பூ எல்லாம் அதில் அப்பிக்கொண்டன. பிறகு அது உரிந்து அச்சில் சுற்றிக்கொள்ள, கார் நின்றது.

"காரெக எலுனா!" கார் ஒட்டிக்கிச்சு என்று சிங்கள வெற்றிலைக்காரர் கூவினார். இன்னொரு வாடகைக் காரின் சாரதி இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன நானா, ஹயர் ஓடப் போறீங்களா, பால் வெட்டப் போறீங்களா?"

தெருவே சிரித்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "முகூர்த்தம் போவுதுங்களே" என்றார். அவ்வளவுதான். பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இறங்கும்போது சேலைக் கரையில் ஒட்டிய ரப்பர் நூல்போல இழுபட்டது.

"இது யாரு செஞ்ச வேலை?" என்று அந்தச் சாரதி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டார்.

"நான்தான் ஒட்டச் சொன்னேன். புள்ள வேணாம்னுதான் சொல்லிச்சு."

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். கைவிரல்களில் ஒட்டியிருந்த பாலை உருட்டிக்கொண்டு நின்றேன். தாலி நேரத்தோடு ஏறிவிட்டது என்று கேட்டபோதும் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

எனக்கு வந்திருக்க வேண்டிய பட்டப்பெயர் காருக்குப் போயிற்று. ஒட்டுப்பால் என்பது வெட்டிய பட்டையில் காய்ந்து கிடக்கும் கழிவு ரப்பர். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட அதை 'ஒட்டுப்பால் கார்' என்கிறார்கள். அடுத்து வந்த இரண்டு கலியாணத்துக்கும் குனிந்து பார்த்த அந்தச் சாரதியின் கார்தான் போனது. நானா பழைய டயரோடு சந்தியில் காத்திருக்கிறார். என்னைக் கண்டால் "சாப்பிட்டீங்களா மகன்?" என்று கேட்கிறார். அந்தப் பக்கம் போகாமல் குறுக்குப் பாதையில் நடக்கிறேன்.

என் பழைய விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்தால் வெயிலில் இளகாதாம். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்து எழுதியவன்தான் நான். மருந்துக் கடையில் கொஞ்சம் கந்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நானாவின் காரைத் தொட மாட்டேன். என் சைக்கிளின் பின் சக்கரத்துக்குத் தோல் போட்டு, உச்சி வெயிலில், கடைத்தெருவில் நானாவின் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் போகிறேன். நானாவின் டயரை ஒட்டியதும் நான்தான் என்று முதலில் சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நிற்பேன். இளகினால் என் பேரைச் சொல்லிச் சிரிக்கட்டும்.