தகட்டில் சுரண்டிய குறி

என் மேசை இழுப்பறையில் ஒரு நிழற்படம் கிடக்கிறது. காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் படைச் சரக்குந்தின் முன்பக்கத்தில் கைவைத்து நிற்கிறார். சக்கரத்தின் மேலுள்ள தகட்டில் மட்டும் வெண்ணிறக் கீறல்கள். படத்தின்மேல் கத்தி முனையால் சுரண்டிய தடம். அங்கேதான் படைப்பிரிவின் சின்னமும் எண்ணும் தீட்டப்பட்டிருந்தன. நிற்பவர் என் சிற்றப்பா. பர்மாப் போர்முனையிலிருந்து அவர் அனுப்பிய ஒரே படம் அது.

வண்டியின் குறி தெரிந்தால் எந்தப் படை எங்கு நிற்கிறது என்பதைப் பகைவர் அறிந்துகொள்வர். ஆகவே வீரர்கள் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் அக்குறியைத் தணிக்கையாளர்களே சுரண்டி, பின்புறம் 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற வட்ட முத்திரை குத்தி அனுப்பினர். போர்க்கால முறை அது. அதில் எனக்குச் சினமில்லை.

போர் முடிந்தும் சிற்றப்பா திரும்பவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், 'படையை விட்டு ஓடியவர்' என்றொரு தாள் எங்கள் ஊரான ஜவளகிரிக்கு வந்தது. கிணற்றடியில் அவர் மனைவி, என் சின்னம்மா, குடத்தை இறக்கினால், "ஓடிப்போனவன் பொண்டாட்டி வந்துட்டா, வழி விடுங்கடி" என்று சிரித்தார்கள். அதே பெயர்கொண்ட வேறெவரையோ குறித்த தாள் அது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அதை மாற்றி எழுதவைப்பது ஒன்றே அவர் வேண்டியது. சிற்றப்பா பெங்களூரில் படையில் சேர்ந்தவர். ஆகையால் சேலம் மாவட்ட அலுவலகத்தார் பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். பெங்களூரார் சேலத்துக்கே திருப்பினார்கள். கடைசியில் ஓசூரில், நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்கு விசாரணை வந்தது. படைப்பிரிவுக்குச் சான்று இருந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும் என்றார்கள். சின்னம்மா படத்தைக் கொண்டுவந்தார்.

அதிகாரி அதை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார். "குறி எங்கம்மா? எந்தப் படைய விட்டு ஓடுனான்னு தெரியக் கூடாதுன்னு நீயே சுரண்டிட்டியா?"

"நான் ஏனுங்க சாமி சுரண்டறேன்? வந்தப்பவே அப்பிடித்தான் வந்துச்சு. பட்டாளத்துக்காரங்களே சுரண்டிட்டு, இப்ப எங்கிட்டக் கேட்டா நான் எங்க போவேன்?"

"நல்லாக் கதை சொல்ற."

சின்னம்மா என்னைப் பார்த்தார். 'திருப்பிப் பாருங்கள் ஐயா' என்ற மூன்று சொற்கள் போதும், முத்திரை பேசியிருக்கும். வேலை நிலைப்படாத எழுத்தன் நான். தலைகுனிந்து மைக்கூட்டை நகர்த்திவைத்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல, 'மனுதாரர் சான்றைச் சிதைத்துள்ளார்' என்று என் கையாலேயே எழுதினேன்.

வாசலில் சின்னம்மா நின்றார். "உன் சித்தப்பன் உன்னத் தோள்ல தூக்கிக்கிட்டு தளிச் சந்தைக்குப் போனாரே, கண்ணு. ஒரு வார்த்த பேசுனா உன் வாயி நோவுதா?" படத்தை என் சட்டைப்பையில் செருகினார். "நீயே வச்சுக்க. எனக்கு அவரு மூஞ்சி ஞாபகம் இருக்குது."

இன்று போர் வரலாற்று நூல்களில் இத்தகைய குறிகளை உருப்பெருக்கி வைத்து ஆராய்கின்றனர். எந்தப் பிரிவு, எந்த முனை என்று அடிக்குறிப்பு எழுதுகின்றனர். அவற்றை வாசிக்கும்போது பல்லைக் கடிக்கிறேன். குறியைச் சுரண்டியது ஓர் அரசு. அதை எங்கே என்று ஒரு பெண்ணிடம் கேட்டது அடுத்த அரசு. ஆட்சி மாறியது, ஆணவம் மாறவில்லை. அந்த ஆணவத்துக்கு மை தொட்டுக் கொடுத்தவன் நான். தாள் திருத்தப்படாமலே சின்னம்மா மறைந்தார்.

படத்தைத் திருப்புகிறேன். வட்ட முத்திரையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. எவரும் வாசித்திருக்கலாம்.