ரேடியோ சொன்ன சாட்சி

அந்த ஐந்து மாடித் துணிக்கடையில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரேடியோ என்று பெயர். மணி என்ன என்று கேட்டால், கைக்கடிகாரம் வாங்கிய கதையில் ஆரம்பித்து, அதைக் கட்டிக்கொண்டு போன மூன்று கல்யாணங்களையும் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் மணிக்கு வருவார். அதற்குள் கேட்டவருக்கு பஸ் போயிருக்கும். அந்த வாய்க்கு ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தால் கோடிப் புண்ணியம் என்பாள் மனைவி. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் அந்த லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. லிஃப்டை இயக்குகிற அக்காவின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவள்தான் தப்பாக இயக்கினாள் என்று கடை அவளை வேலையை விட்டு நிறுத்தியது. அவள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டாள்.

பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது ரேடியோவுக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பே மேனேஜரிடம் சொன்னார். தள்ளுபடி விற்பனை முடியட்டும், பதிவேட்டில் எல்லாம் எழுத வேண்டாம் என்றார் மேனேஜர். ரேடியோ தலையாட்டினார். ஊர்க்கதை எல்லாம் பேசுகிற மனுஷன் பேச வேண்டிய இடத்தில் தலையாட்டியதை நினைத்தால் வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொல்லிப் புலம்பினார்.

கடை வக்கீல் மூன்று நாள் அவருக்குப் பாடம் எடுத்தார்.

"பொய் சொல்லச் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததைச் சொல்லாம இருக்கறது சட்டப்படி குத்தமே இல்ல."

ரேடியோவுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. மகள் படிப்பு இன்னும் முடியவில்லை.

கூண்டில் ஏறினார். பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்தா? ஆமாம். கோளாறு என்று ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? இல்லை. அந்த அம்மாவுக்கு லிஃப்டை இயக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? ஆமாம். மூன்றும் அப்பட்டமான உண்மை. அக்காவின் வக்கீலுக்கு எதைக் கேட்பதென்று தெரியவில்லை. எழுந்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி இறங்கலாம் என்றார்.

ரேடியோ ஒரு படி இறங்கினார். எதிர் பெஞ்சில் அக்கா ஊன்றுகோலைப் பிடித்தபடி இருந்தாள். முறைத்திருந்தால் அவர் பாட்டுக்குப் போயிருப்பார். அவளோ, பரவாயில்லை அண்ணே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி தலையசைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாதென்றே நம்பியிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திரும்ப ஏறினார்.

"ஐயா, ஒண்ணு பாக்கி இருக்கு."

கடை வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்தினார்.

"யாரும் கேக்கல ஐயா. பிரேக் தேஞ்சது எனக்குத் தெரியும். மேனேஜர்கிட்ட சொன்னேன். எழுத வேணாம்னாரு, எழுதல. அந்தக் கால் முறிஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு."

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போயிற்று.

கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தைக்கிற துணியையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"வேலை போச்சு," என்றார்.

ஊசி நின்றது. "பிரேக்கைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல."

அவள் ஊசியைத் துணியில் குத்தினாள். பிறகு துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள். "ஒண்ணையும் விடாம."