இப்பத்தான் எழுந்து போனாங்க

நாற்காலியை மேசைக்கடியில் முழுக்கத் தள்ள மாட்டார். கொஞ்சம் பின்னால் இழுத்து, ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பார். பிறகு நம் காதருகே குனிந்து, "ராணியம்மா இப்பத்தான் எழுந்து போனாங்க, உட்காருங்க" என்பார். ராணியம்மா செத்தே ஒரு தலைமுறை ஆகியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இருக்கையில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழைய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பரிமாறுகிறவர். சமையலறையில் அவருக்கு 'வரலாறு' என்று பெயர். "வரலாறு, சூப் ஆறுது!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள், அசைய மாட்டார். மதிய வெயில் மஞ்சளாக உள்ளே இறங்கும். யாரோ உரசிக்கொண்டு போனதுபோல் திரைச்சீலைகள் ஆடும். அவர் சொல்லச் சொல்ல, காலியான கூடம் நிரம்பிக்கொண்டே வரும். தூணருகே கடத்தல்காரர்கள் வைரத்தைப் பங்கு போடுவார்கள். சன்னலோரத்தில் நாட்டியக்காரி ஒருத்தி நீதிபதிமேல் காலணியைக் கழற்றி எறிவாள். வலது கால் காலணி.

"போன தடவை இடது கால்னீங்களே?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"கோபம் வந்தா ஒண்ணோடயா நிறுத்துவா, சார்?"

எல்லாம் புளுகுதான். ஆனால் அந்தப் புளுகு இல்லாமல் அங்கே எனக்குச் சாப்பாடு இறங்காது.

புது மேனேஜருக்கு அதெல்லாம் ஆகவில்லை. "இன்னொரு கதை என் காதுல விழுந்துச்சு, அப்புறம் நீங்க ஸ்டோர் ரூம்ல மூட்டை தூக்க வேண்டியதுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றோடு வரலாறு வாயை மூடிக்கொண்டார். நாற்காலிகள் மேசையோடு ஒட்டி நின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வராத குறை.

நேற்று ஒரு பெண் தனியாக வந்தார். தட்டைத் தொடவில்லை. மூலையில் துணி போர்த்திக் கிடந்த பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இங்க வாசிச்சாராம். அம்மா சொல்லுவாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தவறிட்டாரு. நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா?"

கல்லாவில் இருந்த மேனேஜர் தலையை நிமிர்த்தினார். வரலாறு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மெல்ல மூலைக்கு நடந்தார். பியானோவின் துணியை விலக்கி, அதன் முன்னால் இருந்த ஸ்டூலைத் துடைத்தார்.

பிறகு அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தார்.