ஒரு மீனுக்கு ஒரு சொல்

தன் முறை வந்ததும் மினியாங் ஒதுங்கிக்கொண்டு, பின்னால் நிற்பவர்களை முன்னே போகச் சொல்கிறாள். வில்சன் தெரு மீன்கடையில் சனிக்கிழமைதோறும் இது நடக்கும். கூட்டம் கலைந்து தான் மட்டும் நிற்கும்போதுதான் வாயைத் திறப்பாள்.

"அபுந்தியோ, 'எங்க வலிக்குது'ன்னு உங்க ஊர்ல எப்படிக் கேப்பீங்க?"

மீன் வெட்டும் அபுந்தியோ கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்வான். நாலு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லுக்காக ஒரு திலாப்பியா வாங்குவாள். சும்மா கேட்டுக்கொண்டு போகக் கூச்சம். ஒற்றை ஆள், எத்தனை மீன்தான் தின்பாள்? குளிர்பெட்டியில் ஐஸ்கட்டி வைக்க இடமில்லை.

"வீட்ல எத்தனை பூனை வளக்கறீங்கக்கா?"

"பூனையெல்லாம் இல்ல. போன வாரம் சொன்னதை மறந்துட்டேன், திரும்பச் சொல்லு. அதுக்கும் ஒரு மீன் போடு."

வயது அறுபத்து மூன்று, தலை முழுக்க நரை. யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டிருப்பாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது வேலை. மணிலாவுக்கு வடக்கே உள்ள பம்பாங்கா மாகாணத்துக்காரி. அந்த ஊர்க்காரர்களுக்குரிய சமையல் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட, "மணிலாக்காரங்களுக்கு உப்பு போடக் கத்துக்குடுத்ததே நாங்கதான்" என்பாள்.

அந்தக் கர்வத்தைச் சகித்துக்கொண்டவள் ஒருத்திதான். லெய்ட்டே தீவிலிருந்து வந்த சியோனிங். டொராண்டோவில் இருவருக்கும் அது முதல் குளிர்காலம். பூசை முடிந்து வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து நின்றார்கள். அதன்பின் இருபத்தோரு வருடம் ஒரே அடித்தள வீட்டில் குடித்தனம். தேவாலயத்தில் இவர்களைக் கண்டால், "புருஷனும் பொண்டாட்டியும் வந்தாச்சு" என்பார்கள். இருவருமே மறுத்ததில்லை.

ஊரில் சியோனிங்கின் கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று செய்தி வந்த நாளில், "இனிமே நான் யாருக்குன்னு ஊருக்குப் போறது?" என்று அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"போக வேணாம். இங்கயே இருந்து என் சமையலைக் குறை சொல்லிட்டிரு."

"அதுல தேங்காப்பால் ஊத்தினா ஏண்டி குறை சொல்லப்போறேன்?"

அவரவர் தாய்மொழி வேறு. இருவருக்கும் பொதுவாகத் தகாலோக் இருந்தது. கோபம் வந்தால் மட்டும் ஆளுக்கொரு மொழியில் திட்டிக்கொள்வார்கள். எதிராளிக்குப் புரியாது என்பதால் சண்டை நீளாது. ஒருத்தி மொழியை இன்னொருத்தி கற்றுக்கொள்ளத் தேவையே வரவில்லை.

போன வருடம் சியோனிங்குக்குப் பக்கவாதம் வந்தது. முதலில் ஆங்கிலம் போயிற்று. இரண்டாம் தடவை பக்கவாதம் தாக்கியபோது தகாலோக்கும் போயிற்று. பிறந்த ஊரின் வராய் மொழி மட்டும் மிஞ்சியது. அவளைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்துத் தாதி மினியாங்கிடம், "நீங்க ஒரே நாடுதானே, என்ன கேக்கறாங்கன்னு சொல்லுங்களேன்" என்றாள். மினியாங் தலை குனிந்துகொண்டாள்.

சியோனிங் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தார்கள், கழிப்பறைக்குத் தூக்கிப் போனார்கள், ஜெபமாலையைக் கையில் வைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மினியாங் அந்த ஒலியைத் தவறவிடாமல் பஸ் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்து மீன்கடையில் இறக்கினாள்.

"மாதுக்னாவ். குளிருதுன்னு சொல்றாங்கக்கா" என்றான் சியோனிங்கின் தீவுக்காரனான அபுந்தியோ.

"மூணு வாரமாவா?" என்று மட்டும் கேட்டாள். அன்று வாங்கியதுதான் முதல் மீன்.

இப்போது நாற்பது சொல் தெரியும். ஆனால் சியோனிங் மூச்சுவிடாமல் வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறாள். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அபுந்தியோவையே கையோடு அழைத்துப் போனாள்.

அவன் வராயில் குசலம் விசாரித்ததுமே சியோனிங்கின் முகம் மாறிவிட்டது. கோணிய வாயால் அரைமணி நேரம் பேசினாள், சிரித்தாள். பத்து மாதத்தில் இப்போதுதான் சிரிக்கிறாள். மினியாங் கட்டிலோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த சொல் ஏதும் வருகிறதா என்று இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று சொல் பிடிபட்டது. அதற்கே அவளுக்குப் பூரிப்பு.

"என்ன சொல்றா?"

"ஊர்க்கதைதான். படகு, அண்ணன், கள்ளு."

"என்னைப் பத்தி?"

அபுந்தியோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"மறைக்காத தம்பி. நானும் நோயாளிங்களோட இருக்கறவதான்."

"இந்தம்மா வாராவாரம் வருது, காலைத் தேய்ச்சு விடுது, தங்கமான மனுஷின்னு சொல்றாங்க." தயங்கினான். "ஆனா மினியாங்கோட நாற்காலியில வந்து உக்காந்துக்குதாம். மினியாங் வந்தா எங்க உக்காருவான்னு கேக்கறாங்க."

"நான்தான்னு சொல்லு."

"சொன்னேங்க்கா. மினியாங்குக்குத் தலை கறுப்புன்னாங்க. அவ இன்னும் வேலை முடிஞ்சு வரலியாம்."

சியோனிங் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மினியாங் எழுந்தாள். நாற்காலியின் இருக்கையைக் கோட்டுக் கையால் துடைத்து, அதைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டாள். பிறகு சுவரோரம் போய், பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.