லேங்குவேஜுக்கும் ஜாதகம் பார்த்தார்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகன் குகனுக்குப் பெண் பார்க்கக் கிள்ளான் போயிருந்தோம்.

பையனுக்கு முப்பத்திரண்டு வயது. கோலாலம்பூரில் ஒரு வங்கியில் புரோகிராமர். பொருத்தம் பத்துக்கு எட்டு. அப்புறம் என்ன?

அப்புறம்தான் வில்லங்கமே. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. நாங்கள் கேசரியில் கை வைப்பதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஆபீஸ்ல என்ன கம்ப்யூட்டர் லேங்குவேஜ் எழுதுறீங்க?"

"கோபோல், அங்கிள்."

"அது செத்துப்போச்சுன்னு சொல்றாங்க லா!"

"சாகல அங்கிள், வயசாயிருச்சு. எங்க பேங்க்ல பாதி அதுலதான் ஓடுது."

மனிதர் விடவில்லை. பையன் ஜாதகத்தைப் பார்த்தாயிற்றாம், லேங்குவேஜின் ஜாதகத்தைப் பார்க்கவில்லையாம்! அங்கேயே பிரிக்பீல்ட்ஸ் ஜோசியருக்குப் போன் போட்டார்... ஸ்பீக்கரில். கோபோல் பிறந்த வருஷம் 1959 என்று குகன் சொன்னான். நட்சத்திரத்தை அமெரிக்காவில் யாரும் குறித்து வைக்கவில்லை.

"அறுபதாம் கல்யாணமே முடிஞ்சிருக்கணுமே!" என்றார் ஜோசியர். "ஆயுசு கெட்டி. ஆனா சபையில மதிப்பு இருக்காது."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. இது நாங்கள் பார்க்கும் ஐந்தாவது பெண். எனக்கோ எரிச்சலான எரிச்சல். லோரி வாங்கினால் எஞ்சினைப் பார்க்கிறோம். மாப்பிள்ளைக்கு மட்டும் பெயின்ட்டைப் பார்ப்போமா?

அக்கா பேரத்தில் இறங்கினாள். "புதுசா ஒன்னு படிச்சிடுவான், ஆறே மாசம்! எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"துளசி, இப்ப எதும்மா நல்லா போவுது?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அப்பா.

காப்பித் தட்டோடு பெண் வந்தாள். அவளும் புரோகிராமர்தான். புத்தம் புது டெக்னாலஜி — பெயர் என் வாயில் நுழையவில்லை.

"நான் எழுதுறதுதான்பா இப்ப டாப்பு. மூனு வருஷத்துல மூனு தடவ மாத்திட்டாங்க. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து படிச்சேன். போன வாரம் எங்க டீமையே கலைச்சிட்டாங்க."

அப்பாவுக்கே அது புதுச் செய்தி.

துளசி தட்டை வைத்துவிட்டுக் குகனை நேராகப் பார்த்தாள். "உங்க பேங்க்ல ஆள் எடுக்கிறாங்களா?"

"கோபோல் எழுதத் தெரிஞ்ச ஆளே கிடைக்கல. அவங்களே சொல்லிக் கொடுத்து எடுக்கிறாங்க."

அன்று கைமாறியது அவளுடைய ரெசுமே மட்டும்தான்.

நான் பார்த்தவரை, புதுசா பழசா என்று அடித்துக்கொள்பவர்கள் அதில் ஒரு வரிகூட எழுதாதவர்கள். எழுதுகிறவர்களுக்கு ஒரே கவலை — நாளைக்கும் வேலை இருக்குமா?

இந்த வாரம் துளசி வங்கியில் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு என்ன பதில் என்று அக்கா அவளிடமே போனில் கேட்டிருக்கிறாள்.

"ஆறு மாச புரொபேஷன் முடியட்டும் ஆன்டி... அவருக்கும் சேர்த்துத்தான்."