கொல்லைக்குக் கம்பி வேலி

மழையில் எங்கள் கொல்லைச் சுவர் சரிந்து விழுந்ததிலிருந்து தெரு ஆடுகளுக்கு நல்ல காலம். என் கத்தரிச் செடிகளை அவை மொட்டையடித்துவிட்டுப் போயின. அந்தச் செடிகள் உம்மாவுக்காகப் போட்டவை. உம்மா பக்கத்து வீட்டில் லாத்தாவோடு, அதாவது என் அக்காவோடு, இருக்கிறார். தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு முட்டி வலியோடு கொல்லை வழியாக என் வீட்டுக்கு வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் தெருவில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவது கொல்லை வழியாகத்தான்.

வேலி வேண்டும் என்று துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் கேட்டவள் நான்தான். அதற்காக என்னை இப்படிப் படுத்துவார் என்று நினைக்கவில்லை. செயின் லிங்க் என்கிற கம்பி வலை வேலி பற்றி வந்த வீடியோ ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். வெறும் கம்பி வேண்டாம், உப்புக்காற்றில் துரு ஏறிவிடும், பச்சை பிளாஸ்டிக் பூசியதாக வாங்கு என்றார். கடைக்காரர் அதெல்லாம் வெயிலில் உரிந்துவிடும் என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் போனைத் தூக்கிப் பிடித்து என் கை மரத்துப்போனது. கடைசியில் பச்சைதான் என்று முடிவானது.

"வலைக் கண்ணு சின்னதா இருக்கட்டும் புள்ள. கோழிக்குஞ்சுகூட நுழையக் கூடாது. நாலு பக்கமும் போடச் சொல்லு," என்றார் வீட்டுக்காரர் போனில்.

"சரி மச்சான்," என்றேன். எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

நெடுங்காட்டிலிருந்து ஆட்கள் வந்து சிமெண்ட் தூண் நட்டார்கள். வெளி ஆண்கள் கொல்லையில் நின்றால் நாங்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டோம். டீயைக்கூட ஜன்னலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அங்கே லாத்தாவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார். ஆட்கள் கிளம்பிய பிறகு வெளியே வந்து பார்த்தேன். வேலி நாலு பக்கமும் விறைப்பாக நின்றது. எங்கேயும் வாசல் இல்லை.

அந்தப் பக்கம் உம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார்.

"என்னா புள்ள இது, நான் எப்படி வர்றது? தெருவச் சுத்தி வர இந்த முட்டி தாங்குமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வழியில் ஒருநாளும் நடக்காதவர்கள் அளவெடுத்தார்கள்; தினமும் நடக்கிற நாங்கள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். உடனே துபாய்க்குப் போன் போட்டேன்.

"வாசலா? நீ சொல்லவே இல்லயே. லீவுல வரும்போது பாத்துக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு உம்மா கன்னத்தைத் தடவக் கையை நீட்டினார். வலைக் கண்ணில் இரண்டு விரல்தான் நுழைந்தது. கை வரவில்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் வீட்டுக்காரரின் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன்.

"வேணாம் புள்ள, புது வேலி! மாப்புள்ள திட்டுவாரு!"

மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கண்ணாக நறுக்கி வலையை ஓரமாக மடக்கினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. உம்மா குனியாமல் நேராக நடந்து வந்தார். முதலில் என்னைத் திட்டினார், பிறகு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் காலையில் ஆடுகளும் அந்த வழியாகவே வந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.